ஒர்க்புக் வாங்காதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்குச் சட்டென்று பதில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஜூனில் ஊருக்கே திரும்புகிறோம், தம்பிக்கு ஐந்து முடிந்துவிடும், ஏபிசிடி கூட எழுத வராதே, எந்த ஸ்கூலில் சேர்ப்பார்கள் என்று அழாத குறையாகக் கேட்டாய். என் பேரனுக்கு மூன்று வயதிலேயே "இன்னும் அ, ஆ தெரியாதா?" என்று உன்னை நச்சரித்தவளே நான்தான். போன குளிருக்கு பின்லாந்தில் தாம்பரே ஊரில் உங்களோடு இரண்டு மாதம் இருந்ததில் அந்த நினைப்பு போயே போய்விட்டது.

அங்கே அவன் போகிற பிள்ளைகள் பள்ளியில் கையுறையை மாட்ட அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்த டீச்சர் பக்கத்தில் குத்த வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிர, கை கொடுக்கவில்லை. பாலவாடியில் நானாக இருந்தால் நானே மாட்டிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்த்திருப்பேன். இருபத்தைந்து பேருக்கு நானும் ஆயாவும்தான், நடுவில் எடை பார்க்கணும், ரெஜிஸ்டர் எழுதணும். பொறுமை எனக்கும் இருந்தது, நேரம்தான் இல்லை. பின்லாந்தில் மூன்று வயதுக்கு மேல் ஏழு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று விதியே இருக்கிறதாமே.

நம்மாட்கள் "அங்கெல்லாம் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம்" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். ஏழு வரைக்கும் சும்மா விட்டுவிடுவது போல! படித்துவிட்டு வந்த டீச்சர், மதியம் சூடாகச் சாப்பாடு, ஆறு வயதில் ஒரு வருடம் முன்பள்ளி, அதுவும் 2015-லிருந்து கட்டாயம். அப்புறம் அவர்கள் பின்னிஷ் மொழியில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், அதனால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் மூன்றரை வயதிலேயே எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று என்றிருக்கிற இங்கிலீஷைத் தலையில் ஏற்றுகிறோம். உன்னையும் அப்படித்தான் எல்கேஜியில் போட்டேன். பாலவாடி டீச்சர் மகளே பாலவாடிக்கு வரவில்லை என்று ஊரில் சிரித்தார்கள், சரியாகத்தான் சிரித்தார்கள். இப்போது நம் பாலவாடியில் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா', இருந்தும் "சும்மா ஆட விடறாங்க" என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் குறையவில்லை.

அதனால் ஒர்க்புக் எதுவும் வாங்காதே. மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஏப்ரலிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு வா. ட, ப, ம என்று கோலமாவில் நான் ஆரம்பித்து வைக்கிறேன். அவன் மழைக் கால்சட்டையை அங்கேயே விட்டுவிடாதே, ஐப்பசியில் நம் வாசலில் தண்ணீர் நிற்கும்.

அம்மா