ரீபில்ட் டைட்டில் வண்டி வாங்கப் போகும் பிள்ளைக்கு

ஹூஸ்டன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய ஹோண்டா அக்கார்ட் விளம்பரத்தைப் பார்த்தேன். படங்களில் வண்டி பளபளவென்றுதான் இருக்கிறது. அதே ஆண்டு, அதே மாடல், ஏறத்தாழ அதே மைல் ஓடிய மற்ற வண்டிகளைவிட ஆறாயிரம் டாலர் குறைவு என்று நீயே எழுதியிருக்கிறாய். விற்பவர் மரியாதையாகப் பேசுகிறார் என்பது உன் இரண்டாவது வாதம். விற்க வந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? விளம்பரத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் ‘கிளீன் ரீபில்ட் டைட்டில்’ என்று போட்டிருக்கிறார்களே, அதை நீ பார்த்தாயா, பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டாயா என்று தெரியவில்லை. அப்படி ஒரு டைட்டிலே கிடையாது. கிளீன் என்றால் பெரிய கேடு எதுவும் பதிவாகாதது, ரீபில்ட் என்றால் கெட்டுப்போய்த் தேற்றியது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் பல ஆண்டுகளாக அடிபட்ட வண்டிகளின் கோப்புகளோடு குடித்தனம் நடத்தும் எனக்குப் பிறந்தவன் நீ. பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டாயே, அதுவே பெரிது. ‘வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டால் நீ கேட்க மாட்டாய். அப்பாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஊரில் ஆர்.சி. புத்தகம் செய்யும் வேலையை இங்கே இரண்டு காகிதங்கள் பிரித்துக்கொள்கின்றன. வண்டி சாலையில் ஓட அனுமதி தருவது ரெஜிஸ்ட்ரேஷன். வண்டி யாருடையது என்று சொல்வது டைட்டில். உன் ஒஹாயோவில் டைட்டிலைத் தருவது கவுன்டியின் கிளார்க் ஆஃப் கோர்ட்ஸ் டைட்டில் அலுவலகம். உரிமையாளர் பெயர், ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான வின் எண், கடன் பாக்கி இருந்தால் அந்த வங்கியின் பெயர், கைமாறியபோது ஓடோமீட்டர் காட்டிய மைல் எல்லாம் அதில் இருக்கும். வண்டிக்குப் பெரிய கேடு ஏதாவது நேர்ந்து, அது அரசின் காதுக்கும் போயிருந்தால், அதையும் டைட்டிலின் மேலேயே அச்சிட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் பிராண்டு. மாட்டுக்குப் போடும் சூடு போல, ஒரு முறை விழுந்தால் அழியக் கூடாது என்பது அதன் நோக்கம். ‘அரசின் காதுக்குப் போயிருந்தால்’ என்றேனே, அந்த இடத்தை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்.

பெரும்பாலும் அந்தச் செய்தியைச் சொல்வது எங்களைப் போன்ற இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான். வண்டி அடிபட்டு வருகிறது. சரிசெய்ய எவ்வளவு ஆகும், அடிபடும் முன் அது என்ன விலை போயிருக்கும் என்று இரண்டையும் கணக்குப் போடுகிறோம். கட்டுப்படியாகாது என்றால் ‘டோட்டல் லாஸ்’. உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், டைட்டிலில் ‘சால்வேஜ்’ என்று விழும். சால்வேஜ் வண்டி சாலையில் ஓடக் கூடாது. கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏலக் கம்பெனிகளின் திடலுக்குப் போய்ச் சேரும். அங்கே யாராவது மலிவாக ஏலம் எடுத்து, சரிசெய்து, மாநிலத்தின் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், ‘ரீபில்ட்’ என்ற பிராண்டோடு புது டைட்டில் கிடைக்கும். நீ பார்த்த அக்கார்ட் இந்த வழியாக வந்ததுதான்.

எவ்வளவு அடிபட்டால் சால்வேஜ் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நான்கு வருடம் ஓடிய ஒரு கார், மதிப்பு 20,000 டாலர், பழுதுச் செலவு 13,000 டாலர் என்று வைத்துக்கொள். ஓக்லஹோமாவில் செலவு மதிப்பில் 60 சதவீதத்தைத் தாண்டினாலே சால்வேஜ். எல்லையைத் தாண்டி எங்கள் டெக்சஸுக்கு வா, செலவு வண்டியின் முழு மதிப்பையே தாண்ட வேண்டும். ஒரே அடி, ஒரே வண்டி, அங்கே சால்வேஜ், இங்கே சட்டப்படி ஒன்றும் இல்லை. அலபாமாவில் 75 சதவீதம். உன் ஒஹாயோவில் சதவீதக் கணக்கே கிடையாது, சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு செய்தால் போதும். ஆகவே இரண்டு மாநிலத்து டைட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

‘ரீபில்ட் என்றால் அரசாங்கமே சோதித்துத்தானே கொடுத்திருக்கிறது’ என்று கேட்டிருக்கிறாய். படித்தவர்கள் எல்லோரும் விழும் குழி இது. ஒஹாயோவில் அந்தச் சோதனையைச் செய்வது மாநில நெடுஞ்சாலைக் காவல் படை. மெக்கானிக் இல்லை, போலீஸ்! வின் எண் சரியாக இருக்கிறதா, மாற்றிப் போட்ட கதவு, பானட், எஞ்சின் இவற்றுக்கெல்லாம் ரசீது இருக்கிறதா, எதுவும் திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. திருட்டைப் பிடிக்க வைத்த சோதனை அது, அந்த வேலைக்கு நல்ல சோதனைதான். ஆனால் வண்டியின் அடிச்சட்டம் (ஃபிரேம்) நேராக இருக்கிறதா, வெல்டிங் தாங்குமா, இன்னொரு முறை மோதினால் ஏர்பேக் விரியுமா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஏர்பேக் விஷயத்தில்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. ஒரு முறை வெடித்த ஏர்பேக்குகளை முறையாக மாற்றப் பல ஆயிரம் டாலர் ஆகும். லாபத்துக்காக வண்டி தேற்றுபவர் முதலில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது அங்கேதான். ஸ்டியரிங் மேல் புது மூடியை மட்டும் பொருத்திவிட்டு உள்ளே வெறுமையாக விட்டவர்கள் உண்டு. பையை ஊதி விரியவைக்கும் இன்ஃபிளேட்டரை எங்கிருந்தோ மலிவாக வாங்கிப் பொருத்தியவர்களும் உண்டு. அப்படித் தரமில்லாத மாற்று இன்ஃபிளேட்டர்களால் உயிர்ப்பலி நேர்ந்திருப்பதாக 2024-இல் மத்திய சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. வெளிப்படையாக எச்சரித்தது. வண்டியை உயிர்ப்பிக்கும்போது டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த விளக்கையே யாரோ ஊமையாக்கியிருக்கிறார்கள். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் நம்பிவிடாதே, அதையும் ஏமாற்ற வழி இருக்கிறது. மெக்கானிக் கையில் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2017 ஆகஸ்டில் இங்கே ஹூஸ்டனில் ஹார்வி புயல் அடித்தபோது நீ பள்ளிப் பையன், பள்ளி மூடியதில் உனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். நாங்களோ வேலையில் மூழ்கிக் கிடந்தோம். நனைந்த வண்டிகளை நிறுத்த இடம் போதாமல் பேடவுன் கார் பந்தயத் திடலைக்கூட ஏலக் கம்பெனி பிடித்துப்போட்டது. வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாவற்றின் கண்ணாடியிலும் எண்கள். வெளியிலிருந்து பார்த்தால் பலவற்றில் ஒரு கீறல்கூட இருக்காது. கதவைத் திறந்தால்தான் முகத்தில் அறையும், ஊறிய கம்பளமும் சாக்கடையும் சேர்ந்த அந்த நாற்றம்.

அடிபட்ட வண்டியின் காயம் அன்றைக்கே தெரிந்துவிடும். நனைந்த வண்டியில் தண்ணீர் வடிந்த பிறகுதான் வேலையே தொடங்கும். வயர்களின் இணைப்புகளில் பச்சை பூக்கும், கணினிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பிசகும், ஒரு நாள் நெடுஞ்சாலையில் காரணமே இல்லாமல் எஞ்சின் நின்றுபோகும். அதனால் டைட்டிலில் ‘ஃபிளட்’ என்ற பிராண்டைப் பார்த்தால் விலையைக்கூடக் கேட்காமல் திரும்பி வா. உப்புநீர் பட்டதென்றால் இன்னும் மோசம்.

ஆனால் ஃபிளட் என்று போட்ட வண்டியைவிட, போடாத வண்டிதான் எனக்குப் பயம். மோதினால் எதிராளிக்கு மட்டும் பணம் தரும் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் ஏராளம். அவர்கள் வண்டி வெள்ளத்தில் போனால் யாரும் காசு தர மாட்டார்கள். காசு கேட்டு யாரும் வராததால் கோப்பு இல்லை, கோப்பு இல்லாததால் அரசுக்குத் தெரியாது, அரசுக்குத் தெரியாததால் பிராண்டு இல்லை. கழுத்தளவு சேற்றில் கிடந்த வண்டி, டைட்டில் மட்டும் பரிசுத்தம். நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெள்ளம் என்றால் என்னவென்றே கேட்டிராத ஊருக்கு ஓட்டிப்போய் விற்றுவிடுவார்கள். இதற்காகத்தான் அந்த இடத்தை அடிக்கோடிடச் சொன்னேன்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். சீட் பெல்ட்டை மெல்ல இழு, இழுத்துக்கொண்டே இரு, இனி வராது என்று நிற்கும் வரை இழு. கழுவுகிறவர்கள் இருக்கையைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடி நுனியை மட்டும் மறந்துவிடுவார்கள். உள்ளே சுருண்டு கிடந்த அந்தப் பகுதியில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் அது வரைக்கும் நின்றிருக்கிறது. பிறகு டிக்கியைத் திறந்து உதிரி டயரை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார், மண் படியும் இடம் அது. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பார். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்க என்று கேட்டுக்கொள்.

மற்ற பிராண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஜங்க்’, ‘நான்-ரிப்பேரபிள்’ என்றால் பெரும்பாலும் பாகம் கழற்ற மட்டும்தான், கிட்டே போகாதே. ‘லெமன்’ என்றால் புதிதாக வாங்கியவர் திரும்பத் திரும்பப் பழுதாகிறது என்று போராடி, அதைத் தயாரித்த கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்த வண்டி. அதற்கான சட்டத்தை 1982-இல் முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட். கலிஃபோர்னியாவில் டைட்டிலில் எழுதுவதோடு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியும் விடுவார்கள். ‘நாட் ஆக்சுவல் மைலேஜ்’ என்றால் மீட்டர் சொல்லும் மைல் பொய். 2011-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் இருபது ஆண்டு வரை விற்பவர் மைலை எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. உன் அக்கார்டுக்கும் அது பொருந்தும், கேட்டு வாங்கு.

ஒரு மாநிலத்தில் விழுந்த பிராண்டை, விதி தளர்ந்த இன்னொரு மாநிலத்தில் புது டைட்டில் எடுத்து உதறிவிடும் வித்தையும் உண்டு. ‘டைட்டில் வாஷிங்’ என்பார்கள். அதைத் தடுக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்ததுதான் என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசியத் தகவல் தொகுப்பு. மாநிலங்களும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பழைய வண்டிக் கிடங்குகளும் அதற்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஒரு முறை பதிவான பிராண்டு, டைட்டில் எத்தனை மாநிலம் சுற்றினாலும் அதில் இருந்துகொண்டே இருக்கும். அனுமதி பெற்ற தளங்களில் சில டாலருக்கு அந்த அறிக்கை கிடைக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் குற்றத்தடுப்பு அமைப்பான என்.ஐ.சி.பி. நடத்தும் வின்செக் என்ற தளம் இலவசம். வண்டி வரலாறு விற்கும் தனியார் கம்பெனியான கார்ஃபேக்ஸ் விலை கூடுதல், சர்வீஸ் விவரங்களும் வரும். எதுவானாலும், யாராவது போய்ச் சொன்னது மட்டும்தான் அங்கே இருக்கும்.

இனி உன் ஆறாயிரம் டாலர் லாபத்துக்கு வருகிறேன். ரீபில்ட் வண்டி 20 முதல் 40 சதவீதம் வரை விலை குறைவது சந்தை வழக்கம். உனக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. நீ விற்கும்போதும் அதே குறைவில்தான் போகும். பல வங்கிகள் கடன் தர மாட்டா. முழு இன்சூரன்ஸ் தரவே பல கம்பெனிகள் யோசிக்கும். தந்தாலும், நாளை வேறு யாரோ உன்னை மோதி வண்டி டோட்டல் ஆனால், ரீபில்ட் என்று கழித்துக்கொண்டுதான் கொடுப்போம். நானே அப்படிக் கழித்திருக்கிறேன், எதிர்முனையில் அழுதவர்களும் உண்டு.

இதற்காக ரீபில்ட் எல்லாம் குப்பை என்று சொல்ல வரவில்லை. திருடுபோய், இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு முழுசாகக் கிடைத்த வண்டிக்கும் சில மாநிலங்களில் சால்வேஜ் பிராண்டு விழும். ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்கக் குழி விழுந்து, அழகு போனதே தவிர ஓட்டத்தில் குறையில்லாத வண்டிகள் உண்டு. அப்படி ஒன்றை வாங்கிப் பல வருடம் நிம்மதியாக ஓட்டியவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வண்டிக்கு என்ன ஆனது என்று தெரிந்திருந்தது. உனக்குத் தெரியாது.

ஆகவே விற்பவரிடம் மூன்றைக் கேள். சரிசெய்யும் முன் எடுத்த படங்கள், மாற்றிய பாகங்களின் ரசீதுகள், சோதனைக்குக் காட்டிய தாள். ரசீது இல்லாமல் உங்கள் ஊரில் சோதனையே நடந்திருக்காது, ‘தொலைந்துவிட்டது’ என்றால் புரிந்துகொள். படம் இல்லை என்றால் பரவாயில்லை. வின் எண்ணை இணையத்தில் தேடினால் ஏலத்துக்கு வந்தபோது எடுத்த படங்கள் பல நேரம் அப்படியே கிடக்கும். அவற்றில் ஏர்பேக் தொங்கினாலோ, முன்பக்கச் சட்டம் மடங்கியிருந்தாலோ, உள்ளே சேறு தெரிந்தாலோ பேச்சை அத்தோடு முடித்துவிடு. எல்லாம் சரியாக இருந்தால், நீயாகத் தேர்ந்தெடுத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் காட்டு. நூறு, இருநூறு டாலர் கேட்பார்கள். அதற்கு விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நமக்கு அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம், விண்ட்ஷீல்டின் அடியில் இருக்கும் வின் எண்ணும், கதவுச் சட்டத்தில் இருப்பதும், டைட்டிலில் இருப்பதும் பதினேழு இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டைட்டிலில் விற்பவர் பெயர்தான் இருக்கிறதா என்று அவருடைய லைசென்ஸோடு ஒப்பிட்டுப் பார். ஒஹாயோவில் விற்பவர் நோட்டரி முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். இருவருமாக டைட்டில் அலுவலகத்துக்கே போய்விடுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்ட டைட்டிலை மளிகைக் கடை பார்க்கிங்கில் வைத்து நீட்டினால் வாங்காதே.

வின் எண்ணை இன்று இரவே எனக்கு அனுப்பு. அறிக்கைக்கான பணத்தை நானே கட்டிக்கொள்கிறேன். அதுவரை முன்பணம் என்று ஒரு டாலர்கூடக் கொடுத்துவிடாதே. வேறு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவர் சொன்னால், முதலில் அவர்களுக்கே காட்டட்டும்.

அன்புடன்,
அம்மா