வரிக்கு வரி மாற்றச் சொல்லாதீர்கள்

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஹாஸ்கலும் ஓகேமலும் எனக்குச் சோறு போடும் புரோகிராமிங் மொழிகள். போன வாரம் அக்கா மகள் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "வரிக்கு வரி இல்லன்னு 6 மார்க்கக் குறைச்சிட்டாவ மாமா." எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை.

ஹாஸ்கலில் உள்ள பகா எண் புரோகிராமை ஓகேமலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மூலத்தில் 2-இல் தொடங்கும் முடிவில்லாத லிஸ்ட். அதைச் சலித்து முதல் 10 பகா எண்களை எடுக்க வேண்டும். ஹாஸ்கல் சோம்பேறி, கேட்டால்தான் கணக்குப் போடும். நம்ம பாளையங்கால்வாய் மடை மாதிரி, பலகையைத் தூக்கினால்தான் தண்ணீர். ஓகேமலிலோ லிஸ்ட் முழுவதும் தயாரான பிறகுதான் அடுத்த ஃபங்ஷன் அதைத் தொடும். தாமிரபரணித் தண்ணீர் மொத்தமும் வந்து சேரட்டும், அப்புறம் நடுவையைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் விளங்குமா? அந்த லிஸ்டை அப்படியே எழுதினால், முடியாத ஃபங்ஷன் அழைப்புகளை அடுக்கிவைக்கும் ஸ்டாக் நிரம்பிப் புரோகிராம் விழுந்துவிடும். விழுந்ததைப் பார்த்துத்தான் பிள்ளை, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஓகேமலின் 'ஸீக்' மாட்யூலுக்குப் போயிருக்கிறாள். 10 எண்களும் சரியாக வந்தன. மார்க்தான் வரவில்லை.

அதே நோட்டில் இன்னொரு பக்கம், 1-இலிருந்து கொடுத்த எண் வரை பெருக்கும் ஃபேக்டோரியல். அதை வரிக்கு வரி மாற்றியிருக்கிறாள்; முழு மார்க். 20 வரை விடை சரி. 21 கொடுத்துப் பாருங்கள், மைனஸில் ஓர் எண் வந்து நிற்கும். ஹாஸ்கலில் முழு எண்ணுக்கான இன்டிஜருக்கு எல்லை கிடையாது. 64 பிட் கம்ப்யூட்டரில் ஓகேமலின் இன்ட் 63 பிட்தான். மீறினால் எரர்கூடக் காட்டாமல் சுற்றிக்கொண்டு போகும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் 'ஸரித்' நூலகத்தை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அக்கா மகள்தானே என்று நான் மறைக்கப் போவதில்லை.

ஒரே ஃபங்ஷன் பெயரைப் பல டைப்புகளுக்குப் பொருத்தும் ஹாஸ்கலின் டைப் கிளாஸ் ஓகேமலில் கிடையவே கிடையாது, மாட்யூலையும், மாட்யூலை வாங்கி மாட்யூல் தரும் ஃபங்க்டரையும் வைத்து வேறு மாதிரிதான் கட்ட வேண்டும். அதை விரித்தால் மடல் நீளும்.

அடுத்த முறை திருத்தும்போது இரண்டு கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஓட்டிப் பாருங்கள், பெரிய எண்ணாகக் கொடுத்து ஓட்டுங்கள். எந்த வரியை ஏன் மாற்றினாய் என்று வைவாவில் கேளுங்கள். அந்த 6 மார்க்கை நான் திரும்பக் கேட்கவில்லை. அவளுக்கு ஃபேக்டோரியலில் போயிருக்க வேண்டியது அது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைக்காரன் ஒருவன்