பேசாம உக்காந்திருக்கற ஒரு மணி நேரம்

கண்ணா,

இந்த வாரம் போன்ல நீயா கேட்ட ஒரே கேள்வி, "பாட்டு இல்ல, பிரசங்கம் இல்ல, ஞாயித்துக்கிழமை அங்க போய் என்னதான்மா பண்ற?" அதுக்குத்தான் இந்த லெட்டர்.

இங்க இங்கிலாந்துல, லங்காஸ்டர்ல, குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க வழிபாட்டுக்குக் கூடற மீட்டிங் ஹவுஸ் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே இருக்கு. உள்ள சிலுவை கிடையாது, பாதிரியார் கிடையாது, சுத்தி நாற்காலி போட்டு நடுவுல ஒரு டேபிள், அதுல பைபிளும் கொஞ்சம் பூவும், அவ்ளோதான். முதல்ல வந்தவங்க உக்காந்த உடனே வழிபாடு ஆரம்பிச்சுடும். கொஞ்ச நேரம் மனசு அடங்காது, ஊற வச்ச உளுந்து, உன் விசா, எல்லாம் ஓடும், யாராவது இருமுவாங்க, வெளிய ட்ரெயின் போற சத்தம் கேக்கும், அப்புறம் எப்பன்னு தெரியாது, அத்தனை பேரும் சேர்ந்தே ஆழத்துக்கு இறங்கின மாதிரி ஆயிடும். வீட்ல தனியா தியானம் பண்றப்ப எனக்கு இது வந்ததே இல்லடா.

உள்ள இருந்து ஏதோ தள்ளி, சொல்லியே ஆகணும்னு தோணினா யார் வேணா எழுந்து பேசலாம், 1650கள்லயே பொம்பளைங்களும் பேசிருக்காங்க. போன மாசம் ஒரு வயசான அம்மா எழுந்து, "என் வீட்டுக்காரர் போட்டிருந்த கோட்டை இந்த வாரம்தான் அலமாரியில இருந்து எடுத்தேன்"னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. யாரும் ஆறுதல் சொல்லல, பதில் பேசல, அந்த வார்த்தை அப்படியே எங்க எல்லார் நடுவுலயும் இருந்துச்சு. சில வாரம் யாருமே வாய் திறக்க மாட்டாங்க. கடைசில ரெண்டு பெரியவங்க கைகுலுக்குவாங்க, அதோட முடிஞ்சுது.

எல்லா குவேக்கரும் இப்படி இல்ல, அவங்க அதிகமா இருக்கற கென்யாவுல பாட்டு, பாஸ்டர் எல்லாம் உண்டு. ஆனா இந்த மௌனத்துக்காக இங்க ஜெயிலுக்குப் போயிருக்காங்கடா. அரசாங்க சர்ச்சுக்கு வெளிய அஞ்சு பேருக்கு மேல வழிபாட்டுக்குக் கூடக்கூடாதுன்னு 1664ல சட்டம் போட்டாங்க, இவங்க ஒளியாம கூடினாங்க. ரெடிங் ஊர்ல பெரியவங்களைப் புடிச்சு உள்ள போட்டதும் பிள்ளைங்களே வந்து உக்காந்து மீட்டிங்கை விடாம நடத்துச்சுங்க. இதை ஆரம்பிச்ச ஜார்ஜ் ஃபாக்ஸை அடைச்சு வச்ச லங்காஸ்டர் கோட்டை எங்க மீட்டிங் ஹவுஸுக்குப் பக்கத்துலதான் இருக்கு.

நீ இருக்கற பிலடெல்பியாவே வில்லியம் பென்ங்கற குவேக்கர் 1682ல ஆரம்பிச்ச ஊரு. ஆர்ச் ஸ்ட்ரீட்ல 1804ல கட்டின மீட்டிங் ஹவுஸ் இருக்கு, யார் வேணா போலாம். மதம் மாறுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, எங்கிட்டயும் சொன்னதில்ல, வெள்ளிக்கிழமை விளக்கேத்தறதை நான் விடல.

வேலை போனதுல இருந்து நீ யார்கிட்டயும் பேசறதில்லன்னு தெரியும்பா. பேசுன்னு நான் கேக்கல. ஆனா அந்த ரூம்ல தனியா கிடக்காத, ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போய் நாலு பேரோட உக்காரு, அங்க உன்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. முடிஞ்சதும் ஓடி வந்துடாத, காபிக்கு நில்லு.

அம்மா