பிரேக்கை வெட்டிவிட்டுப் போட்ட படம்

ஆசிரியருக்கு,

டிஎன்ஏ மீது மெத்தில் தொகுதியை ஏற்றும் டிஎன்எம்டி3ஏ நொதி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, பூட்டு-சாவி உவமையோடு (நொதி பூட்டு, அதில் பொருந்தும் மூலக்கூறு சாவி) நின்றுவிட்டது. கூடவே அச்சான படத்தில் மெத்திலேற்றும் வினைப்பகுதி மட்டுமே இருக்கிறது. இந்த நொதியின் முக்கியமான கட்டுப்பாடு, படத்தில் விடுபட்ட துண்டில்தான் உள்ளது.

912 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தில் மெத்திலேற்றுவது கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் இருப்பது ஏடிடி என்ற பகுதி; நொதியின் பிரேக் இதுதான். 2015இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு, இரண்டு பகுதிகளும் சேர்ந்த படிக அமைப்புகளை வெளியிட்டது. ஒன்றில், டிஎன்ஏ வந்து உட்கார வேண்டிய இடத்தை ஏடிடி அடைத்துக்கொண்டு கிடக்கிறது. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்3இன் நுனியைச் சேர்த்துப் படிகமாக்கிய மற்றொன்றில், அதே ஏடிடி நகர்ந்து வழிவிடுகிறது. மெத்திலைத் தரும் சாம் மூலக்கூறின் குழியை ஏடிடி அடைப்பதில்லை. சாவித் துவாரத்தின் அடைப்பை நீக்குவது, துவாரத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் வந்து ஒட்டும் ஹிஸ்டோன். அலோஸ்டெரிக் கட்டுப்பாடு என்பது இதுதான்.

ஏடிடியின் 529, 531ஆம் ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள் ஹிஸ்டோனின் 4ஆம் லைசினைப் பிடிக்கின்றன. ஹிஸ்டோன் இல்லாதபோது, அவை அமைந்த வளையமே வினைப்பகுதியின் 790, 792ஆம் ஆர்ஜினைன்கள் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரே கையில் இரண்டு பிடி நடக்காது. அந்த லைசினில் ஏற்கெனவே மூன்று மெத்தில் இருந்தால் ஹிஸ்டோன் பிடிபடாது, பிரேக்கும் விடாது. இயங்கும் மரபணுக்களின் தொடக்கப்பகுதி மெத்திலேற்றத்துக்குத் தப்புவதில் இதற்குப் பங்குண்டு.

இந்தப் படிக அமைப்புகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அடைபட்ட நிலையின் பிரிதிறன் 3.82 ஆங்ஸ்ட்ராம்; திறந்த நிலையில் 2.90 (எண் குறையக் குறைய விவரம் கூடும்). 3.8இல் புரதச் சங்கிலியின் போக்கு தெரியும், அமினோ அமிலத்தின் பக்கக்கிளை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, வேகத்தை அளந்துதான் உறுதிசெய்ய வேண்டும்.

அந்த அளவீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். தயாரிக்க எளிது என்று வினைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், எவ்வளவு ஹிஸ்டோன் பெப்டைடு (ஹிஸ்டோன் நுனியின் சிறு துண்டு) ஊற்றினாலும் வேகம் கூடாது. விடுவிக்க அங்கே பிரேக்கே இல்லையே! பெப்டைடைப் பிடித்தெடுக்க உதவும் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை அதன் முதல் அமினோ அமிலமான அலனினின் நுனியில் மாட்டினாலும் இதே கதி. ஏடிடி அந்த வெறும் அமினோ நுனியையும் சேர்த்துத்தான் அடையாளம் காண்கிறது. பயோட்டினைக் கடைசி முனைக்கு மாற்றுங்கள். 4ஆம் லைசினில் மூன்று மெத்தில் ஏற்றிய பெப்டைடையும் ஒரு குழாயில் வையுங்கள். அதிலும் வேகம் கூடினால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. சாம் நடுநிலைக் கரைசலில் சிதையும் என்பதால் அமிலக் கரைசலில் உறையவைத்து, அன்றன்றைக்கு எடுக்க வேண்டும். மெத்திலைக் கொடுத்த பின் சாமிலிருந்து மிஞ்சும் எஸ்ஏஎச் என்ற மூலக்கூறு நொதியைத் தடுக்கும். அதனால் தொடக்க வேகத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இரண்டு அமைப்புகளையும், வினைப்பகுதி ஒரே கோணத்தில் இருக்குமாறு, அருகருகே அச்சிடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் ஏடிடி நகர்ந்தது தெரியாது.

இப்படிக்கு,
புரதப் படிகவியல் துறை வாசகர்