பழைய கார் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வழக்கமாகப் பொதுக்குழுவில் வாசிப்பேன். போன வருடம் வாசித்தபோது பாதி நாற்காலி காலியாக இருந்ததால், இந்த முறை எல்லோர் கைக்கும் போய்ச்சேரும்படி எழுதியே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

முதலில் வழக்கமானவை. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றினோம். மேட்டூர் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள் என்பதால் கல்லணைப் பயணம் ஆகஸ்டில் நடந்தது, தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்த நேரம். ஆயுத பூஜை நன்றாக நடந்தது. நவம்பர் கடைசியில் நடப்பதாக இருந்த கூட்டம் ஃபெங்கல் புயல் மழையில் நின்றுபோனது. தை மாதம் தரங்கம்பாடி வரை போய்வந்தோம். வழியெல்லாம் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. மறைந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

பதிவு விஷயம் ஒன்று. ஐம்பது வயது தாண்டிய, மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது எல்லோருக்கும் தெரியும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்து வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் என்னிடம் கேளுங்கள், படிவம் இருக்கிறது.

சரி, இந்த வருடத்தின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். திருவிடைமருதூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று சங்கத்துக்குக் கொடுத்த எம்.ஜி. டி.டி. என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான். 1250 சிசி எஞ்சின், அதன் பக்கவாட்டில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் இரண்டு, வாய் ஒன்றேகால் அங்குலம். நம்மில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது அம்பாசடர், பியட், ஹெரால்டு. அவற்றில் ஒற்றைக் கார்புரேட்டர். இரட்டைக் கார்புரேட்டர் வண்டி சங்கத்தில் இது ஒன்றுதான். ‘ஓடாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு செலவு, செயலாளர் தன் ஆசைக்குச் சங்கப் பணத்தைக் கொட்டுகிறார்’ என்று ஒரு பேச்சு வந்தது என் காதுக்கும் எட்டியது. நேரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இப்போது எழுதிவிடுகிறேன்.

வண்டி வந்தபோது ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முன்னால் இரண்டும் கரி, பின்னால் இரண்டும் வெளுப்பு, அதாவது முன்னால் பெட்ரோல் அதிகம், பின்னால் குறைவு. காயிலை மாற்றுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எஞ்சின் ஓடும்போது பின் கார்புரேட்டரில் காற்றைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் கம்பியான ஸ்பிண்டிலின் முனையில் இரண்டு சொட்டு பெட்ரோல் விட்டேன், சத்தம் உடனே மாறியது. அங்கே காற்று இழுக்கிறது, அவ்வளவுதான் விஷயம். எழுபது வருடம் திறந்து மூடிய திராட்டில் ஸ்பிண்டில் தானும் தேய்ந்து, ஓட்டையையும் முட்டை வடிவமாக்கிவிட்டிருந்தது. எப்போதோ யாரோ ஒருவர் அந்த இடுக்கில் எம்-சீல் பூசி வைத்திருந்தார், அது ஆடும் ஸ்பிண்டிலை என்ன செய்யும்?

புதிதாக ஒரு ஜோடி வாங்கலாமே என்றார்கள். வாங்கலாம், இங்கிலாந்தில் பர்லன் கம்பெனி இன்னும் எஸ்.யு. கார்புரேட்டரும் உதிரியும் செய்கிறது. விலை, அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்தால் நம் சங்கத்தால் நினைக்கக்கூட முடியாது. அதனால் பெட்ரோல் வரும் குழாயான ஜெட், அதன் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில், ஃப்ளோட் வால்வு, கேஸ்கட், ஸ்பிண்டில் இவற்றை மட்டும் வரவழைத்தோம். மற்றதெல்லாம் இங்கேயே செய்தது.

தேய்ந்த ஓட்டையில் இறக்கும் வெண்கல வளையமான புஷ் செய்யும் வேலையை நாச்சியார்கோவிலில் கொடுத்தேன். இதைத்தான் பலர் நம்பவில்லை. பரம்பரையாகக் குத்துவிளக்குக்குக் கடைசல் பிடிக்கிற ஆசாரியின் கை அது. தண்டும் தட்டும் ஆட்டமில்லாமல் திருகில் உட்காரவேண்டும் என்றே வேலை செய்து பழகியவர்கள். வரைபடம் கொடுத்தேன். பழைய ஸ்பிண்டிலையும் புதியதையும் அளந்து பார்த்துவிட்டு, வெண்கலக் கம்பியிலிருந்து நாலு புஷ் கடைந்து கொடுத்தார். கார்புரேட்டர் உடம்பிலுள்ள ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கும் வேலையும், புஷ்ஷை அடித்து இறக்கிய பிறகு இரண்டு பக்கத்தையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டுத் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் வேலையும் கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. நேர்கோடு தவறினால் ஸ்பிண்டில் இறுகும், திராட்டில் தட்டு வாயில் சிக்கும், அதனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் பக்கத்திலேயே நின்றேன். இப்போது ஸ்பிண்டில் விரலால் சுண்டினால் திரும்புகிறது, மேலும் கீழும் ஆட்டம் துளியும் இல்லை.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டரைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும். நகைக்கடைக்காரர் ஒருவர் தன் அல்ட்ராசோனிக் தொட்டியைக் கொடுத்து உதவினார், மூலை முடுக்கிலிருந்த அழுக்கெல்லாம் வந்துவிட்டது. மேலே இருக்கும் பித்தளை மூடி நட்டுகளுக்கு மட்டும் வீட்டுப் புளி. சக்‌ஷன் சேம்பர் என்ற மேல் கூட்டின் உள்பக்கத்தில் எமரி பேப்பர் படவே கூடாது. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் அந்தக் கூடும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்தியவை, முன் கார்புரேட்டருடையதைப் பின் கார்புரேட்டருக்கு மாற்றவும் கூடாது. காற்றுத் துளையை அடைத்து, பிஸ்டனை முழுதாக உள்ளே ஏற்றித் தலைகீழாகப் பிடித்தால் கூடு தானாக இறங்க இந்த அளவுக் கார்புரேட்டருக்கு 3 முதல் 5 நொடி ஆகவேண்டும். நம்முடையவை இரண்டும் அந்தக் கணக்குக்குள் வந்தன. எழுபது வயதுச் சாமானுக்கு அது பெரிய விஷயம்.

பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட் இரண்டையும் வெந்நீரில் அமுக்கிப் பார்த்ததில் ஒன்றில் குமிழி வந்தது. ஈயப்பற்று விட்டிருந்த இடத்தை அடைத்துவிட்டோம். ஜெட்டைச் சுற்றி வரும் கார்க் சீல்தான் தலைவலி. வண்டி ஓடாமல் நின்றால் கார்க் காய்ந்து சுருங்கும், பெட்ரோல் கசியும், கீழே எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் கார்க்குக்குப் பதில் பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் சீல் போட்டோம், ஹோஸையும் மாற்றினோம். உங்கள் வண்டி ஒற்றைக் கார்புரேட்டர் என்றாலும் ஹோஸை இந்த வாரமே பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கியைக் காலி செய்து, ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

அப்புறம் ட்யூனிங். ஜெட்டை நடுமையப்படுத்தி, பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்று அடியில் உட்காரும் வரை பொறுமையாகச் செய்தோம். ஜெட் நட்டுக்கு ஆறு பட்டை. மேலே முட்டும் வரை ஏற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை இறக்கினால் ஆரம்ப நிலை. இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, ‘உஸ்’ என்ற சத்தம் ஒரே அளவாக வரும் வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பவேண்டும். பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் மயிரிழை தூக்கிப் பார்ப்பது: எஞ்சின் வேகம் ஏறி அந்த வேகத்திலேயே நீடித்தால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறித் திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் சரி. எத்தனால் பெட்ரோலுக்கு ஒன்றிரண்டு பட்டை கூடவே இறக்கவேண்டி வந்தது. இப்போது நாலு பிளக்கும் ஒரே காப்பிக் கொட்டை நிறம். மகாமகக் குளத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம், சிக்னலில் நின்றபோதும் அணையவில்லை.

இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஷெட் திறந்திருக்கும், வந்து பழகுங்கள் என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். பெரும்பாலும் வந்தது மயிலாடுதுறைத் தம்பி ஒருவரும், கண் சரியாகத் தெரியாத நிலையிலும் ஆட்டோ பிடித்து வந்த நம் மூத்த உறுப்பினர் ஐயாவும்தான். எஸ்.யு. பற்றி இந்தப் பக்கத்தில் அவர் அளவுக்குத் தெரிந்தவர் இல்லை. கோளாறு முன் கார்புரேட்டரிலா பின்னதிலா என்று காதாலேயே சொல்வார். அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கும்போது கேட்க ஆள் இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஊர்வலத்தன்று மட்டும் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் நிற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

சந்தாவையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் விலைகூட வராது. அதையும் இரண்டு வருடமாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் மூன்று கார் வைத்திருக்கிறார்கள். பெயர் போடவேண்டும் என்று செயற்குழுவில் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். அறுவடைப் பணம் வந்ததும் கட்டுகிறேன் என்றவர்களை மதிக்கிறேன், விவசாயம் எப்படி நடக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் போனையே எடுக்காமல் இருப்பது முறையில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கை முடிந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுருக்கமாக, சந்தா வரவு குறைந்தது, நன்கொடை கொஞ்சம் கூடியது, கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு. கார்புரேட்டர் செலவில் ஒரு பகுதியை நான் கொடுத்து வைத்திருக்கிறேன், அது திரும்ப வந்தால் நல்லது, அவசரமில்லை.

ஷெட்டுக்கு இடம் கொடுத்த தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், நகைக்கடை அண்ணனுக்கும், லேத் பட்டறைக்கும், நாச்சியார்கோவில் ஆசாரிக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் டீயும் சுண்டலும் அனுப்பிய வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்த டி.டி.யை கல்லணை வரை ஓட்டிப் போக எண்ணம். அதற்கு முன் பிரேக் சிலிண்டர்கள் நாலு சக்கரத்துக்கும் பார்க்கவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இரண்டு ரீமர், கார்புரேட்டர் இழுக்கும் காற்றை அளக்க ஒரு மீட்டர், நல்ல ஸ்பேனர் செட் என்று சங்கத்துக்கே சொந்தமாகக் கருவி வாங்கி வைத்தால் உங்கள் அம்பாசடருக்கும் பியட்டுக்கும்தான் உதவும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் சந்தோஷமாகக் கொடுப்பேன், அப்போதும் கார்புரேட்டர் வேலையை நானே பார்த்துக்கொள்வேன். யாரும் வரவில்லை என்றால் தொடர்கிறேன், ஆனால் ஐயாவிடம் கற்றுக்கொள்ள இரண்டு பேராவது பெயர் கொடுக்கவேண்டும் என்பதும், பாக்கி தீரவேண்டும் என்பதும் என் வேண்டுகோள். பொதுக்குழுவன்று பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலிலேயே இருப்பார், பெயர் எழுதும் நோட்டும் அவரிடமே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்