அரைக்காசு அம்மனைக் கையில் வாங்கினோம்

செங்கல்பட்டு,
திங்கள் இரவு

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துபோகும். இது உட்கார்ந்து எழுத வேண்டிய சங்கதி.

நேற்று சென்னையில் தபால்தலை, நாணயக் கண்காட்சிக்கு வீட்டோடு போய் வந்தோம். அத்தைக்கு 84 வயது. எழும்பூர் வரை மின்சார ரயிலில் போய்த் திரும்ப முடியுமா என்று இவருக்குத் தயக்கம். "உக்காந்துதானே வரப்போறேன்" என்று அத்தை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். செங்கல்பட்டில் வண்டி காலியாகவே கிளம்பியது. கொளவாய் ஏரி தாண்டும்வரை சின்னவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. தாம்பரம் வருவதற்குள் எலுமிச்சை சாதத்தில் பாதி தீர்ந்துவிட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்கு உன் நினைப்புதான். உங்கள் மலேசியா மாமா கடிதத்தில் வருமே, பூப்போட்ட தபால்தலைகள்! உறையின் மூலையை வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை விட்டதும் வழுக்கிக்கொண்டு வருவதைப் பேப்பரில் கவிழ்த்துக் காயப்போடுவோம். அதே பூக்கள் ஒரு மேசையில் இருந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலையையும் முதன்முறையாக நேரில் பார்த்தேன். 1947 நவம்பர் 21-இல் வந்த மூன்றரை அணா, கொடி போட்டது. சின்னவளுக்கு என்னவோ தீப்பெட்டிப் படங்கள்தான் பிடித்திருந்தன. அந்த மேசையிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.

அப்புறம்தான் அது நடந்தது. காசுக் குவியல் இருந்த ஒரு மேசையில் அத்தை சும்மா கை ஊன்றி நின்றார். பக்கத்துத் தட்டில், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுத்த செப்புக் காசுகள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவியவர், கண்ணாடிகூடப் போடாமல், "இது எங்க ஊரு அம்மன் காசு" என்றார். கடைக்காரர் பூதக்கண்ணாடியை நீட்டினார். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் காசு.

நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்களாம். தன் அப்பாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்ததை, நெல் உமி ஒட்டிய அந்த முடிச்சைத் தான் பல்லால் அவிழ்த்ததை, அத்தை நின்றபடியே சொன்னார். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அவருக்கு ஏழு வயதுதான். சின்னவள் திடீரென்று, "சாவி தொலைஞ்சா அரைக்காசு அம்மனை வேண்டிக்கச் சொல்வீங்களே, அப்பாயி, அந்த அம்மனா இது?" என்று கேட்டாள். அதே அம்மன்தான், புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். இத்தனை வருஷமாக அத்தை வாயிலிருந்து அந்தப் பேரைக் கேட்கிறேன், மல்லிகா. காசுக்கும் அம்மனுக்கும் முடிச்சுப் போட எனக்கே தோன்றியதில்லை.

வாங்கினோம். வீட்டுக்குப் போய்ப் புளி போட்டுத் தேய்த்துப் பூஜையில் வைக்கலாம் என்றார் அத்தை. கடைக்காரர் பதறிவிட்டார். அந்தக் கறுப்புதான் காசுக்கு வயதும் காப்பும், தேய்த்தால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும் என்று பொறுமையாக விளக்கினார். அத்தை ஒப்புக்கொண்டார். இப்போது கறுப்பாகவே குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

திரும்பும்போது வண்டியில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு கல்லூரிப் பையன் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தான். நாங்கள் தாம்பரம்வரை நின்றோம்.

உனக்கென்று ஒன்று பார்த்து வைத்தேன். திருவிதாங்கூரில் புழங்கிய 'சக்கரம்' என்ற சின்ன வெள்ளிக் காசை எண்ணும் மரப்பலகை. பலகை முழுக்க வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். வெள்ளிக் காசுகளை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். "பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய்" என்று உங்கப்பா நமக்கு வாய்ப்பாடாகச் சொல்லித் தருவாரே, அந்தச் சக்கரம்தான். பலகையைப் படம் எடுக்க அனுமதி தந்தார்கள். படத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் கையில் கொடு. அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வா. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டில் நிற்கும். விடியற்காலை ஆனாலும் இவர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
உன் வசந்தி