உன் சடைமுடி

அன்புள்ள தம்பிக்கு,

வீடியோ காலில் உன் தலையைப் பார்த்ததிலிருந்து அப்பா சரியாகப் பேசவில்லை. "வெட்டச் சொல்லு" என்பதோடு சரி. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த முடிக்குப் பின்னால் யார் யார் அடிபட்டார்கள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் பாட்டு வழியாகத்தான் உனக்கு ராஸ்தஃபாரி பழக்கம். சடைமுடி வளர்க்கும் ஜமைக்காக் கறுப்பு மக்களின் மதம் அது. அவர் பிறக்கும் முன்பே அது தொடங்கிவிட்டது.

1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரோடு பேரரசராக முடிசூடினார். 'ராஸ்' என்றால் அவர்கள் மொழியில் தலை, தலைவனுக்குரிய பட்டம். ஜமைக்கா அப்போது பிரிட்டிஷ்காரர் கையில் இருந்தது. அடிமைத்தளை அறுந்து நூறு வருஷம் நெருங்கியும் கறுப்பு மக்களில் பெரும்பாலோர் ஏழைக் கூலிகள்தான். ராஜா வெள்ளை, படத்தில் இருந்த ஏசுவும் வெள்ளை. ஆப்பிரிக்காவை நினைத்துத் தலைநிமிருங்கள் என்று ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி ஊட்டியிருந்த பெருமை ஒருபக்கம். எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கும் என்ற பைபிள் சங்கீத வரி மறுபக்கம். அந்த நேரத்தில் கறுப்பு அரசர் ஒருவர் முடிசூடினால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

லெனர்ட் ஹோவல் என்ற ஜமைக்காக்காரர் 1932இல் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பினார். உங்கள் ராஜா லண்டனில் இல்லை, எத்தியோப்பியாவில் இருக்கிறார், அவரே தெய்வம் என்று ஊர் ஊராகப் பேசினார். செலாசியின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். 1934இல் மொராண்ட் பேயில் ராஜதுரோக வழக்கு, இரண்டு வருஷம் சிறை. 1865இல் கிளர்ச்சி செய்த பால் போகிளைத் தூக்கிலிட்டதும் அதே ஊரில்தான். விடுதலையாகி, 1940இல் ஸ்லைகோவில் என்ற ஊரின் மலையில் பினக்கிள் என்ற குடியிருப்பை அமைத்தார். சேர்ந்து உழுதார்கள், சேர்ந்து உண்டார்கள். போலீஸ் திரும்பத் திரும்பப் புகுந்து, 1954இல் அதைச் சிதைத்தது. ஹோவலை மனநோய் மருத்துவமனையிலும் அடைத்தார்கள். தன் ஜனங்களின் நிறத்தில் தெய்வத்தைக் கண்டதற்குப் பைத்தியப் பட்டம்! அந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை.

ஜமைக்காவில் புழங்கும் கஞ்சா என்ற சொல், 1845 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளோடு போனது. அதை மட்டும் நீ தொடாதே, தம்பி. அம்மாவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜமைக்கா சுதந்திரம் அடைந்த பிறகும் ராஸ்தாக்களுக்கு, அதாவது ராஸ்தஃபாரி மதத்தாருக்கு, விடியவில்லை. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸில் நடந்த ஒரு மோதலைச் சாக்காக வைத்து, சம்பந்தமே இல்லாத ராஸ்தாக்களைக்கூடப் பிடித்து அடித்து, சடைகளை வெட்டி எறிந்தார்கள். பிரதமர் மன்னிப்புக் கேட்க 2017 ஆனது.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் காபி குடிக்கும்போது, "அந்தக் குளிரில் தலையை நல்லா துவட்டுறானான்னு கேளு" என்றார்.

அன்புடன்,
அம்மா